வெறுங்கண்ணாடி போட்ட மாப்பிள்ளைக்கு

அப்பு,

நேற்று போனில் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல், "பால் பொங்குதுடா, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்தில் உன் ஜெசிந்தா அத்தை உட்கார்ந்து, ரிசீவருக்குள் தலையை விடாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் போனைப் பிடுங்கி அவளே பதில் சொல்லியிருப்பாள். உன் அப்பாவுக்கு அவள் ஒரே தங்கச்சி. அந்த ஒரே காரணத்துக்காக இருபத்தைந்து வருஷமாக நம் வீட்டு அடுப்பு, படுக்கை, மருந்து டப்பா எல்லாவற்றிலும் அவளுக்குப் பாத்தியதை உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்டது என்ன? கல்யாணப் பூசையில் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் படபடப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். ரெஜினாவிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லாமலே கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று கேட்டாய். இரண்டாவதுக்கு முதலில் சொல்கிறேன், அது சுலபம். முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார்கள். நீ கோயம்புத்தூரில் பம்பு செட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாய், அந்தக் கண்கொள்ளாக் காட்சி உனக்குக் கிடைக்கவில்லை. பூசை முடிகிற நேரம் சாமியார் உன் பேரையும் அந்தப் பிள்ளை பேரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கலாம் என்றார். மூன்று ஞாயிறு வாசிக்கிற வழக்கம்தானே, நாம் கேட்காததா? ஆனால் உன் அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. "மதினி, எவளாச்சும் எந்திரிச்சுப் போயி சாமிட்டச் சொல்லிப்பிடுவாளோ?" என்கிறாள். "என்னத்தடி?" என்றேன். "அதான்... நம்ம பயலோட அது." அவள் பேர் சொல்லத் தெரியாமல் 'அது' என்கிறாளே, அதற்கு ஒரு பேர் இருக்கிறது, அதை மதுரையில் ஒரு டாக்டர் அழகாகச் சொல்லிக் கொடுத்தார். பத்து வருஷமாகியும் நம் குடும்பத்தில் ஒருத்தர் நாக்கும் அந்தப் பேர் பக்கம் புரளவில்லை. சர்க்கரை, பிரஷர், மூலம், குடலிறக்கம் எல்லாவற்றையும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு விலாவாரியாகப் பேசுகிற கூட்டம் இது. உன் பாலசமுத்திரம் மாமா தன் மூலத்தைப் பற்றிச் சொல்லாத கல்யாண வீடு உண்டா? ஆனால் ஒரு பையனுக்குத் திடீர் திடீரென்று பதற்றம் வந்து மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் சன்னலைச் சாத்திவிடுவார்கள்.

முதல் தடவை வந்தது தொண்ணூற்றெட்டில். நீ ப்ளஸ் டூ. கெமிஸ்ட்ரி ட்யூஷன் என்று ஒரு தகரக் கொட்டகை, அதில் மத்தி மீன் அடுக்குகிற மாதிரி பையன்கள். பாதி வகுப்பில் எழுந்து ஓடி வந்துவிட்டாய். சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. நான் நம் தையல் கடையில் யூனிஃபார்ம் வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சீசன், மேசை முழுக்க நீலத் துணி. சட்டை தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்து, வாசலில் நின்றாய்.

"அம்மா, நெஞ்சு அடைக்குதும்மா. கையெல்லாம் மரத்துப் போச்சு. செத்துருவேன் போலருக்கு."

"வெறும் வயித்துல போனா அப்படித்தான் இருக்கும். கேஸு. ஓமத்தண்ணி இருக்கு, குடிச்சுட்டு செத்த நேரம் படு."

கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்கு எந்த வலி வந்தாலும் அது கேஸ்தான். தலைவலியா, கேஸ். முதுகு பிடித்துக்கொண்டதா, கேஸ். மருமகள் முறைத்துப் பார்க்கிறாளா, அவளுக்கும் கேஸ். இம்புட்டுப் பெரிய ஊரில் ஒரே ஒரு வியாதிதான் இருக்கிறது, அதுக்கு ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறது என்று நம்பி வாழ்ந்த மகா மேதைகளில் உன் அம்மாவும் ஒருத்தி.

மறுபடி வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. அப்புறம் உன் அப்பா வேடசந்தூர் மில்லுக்கு லீவு போட்டு உன்னைக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தார். நல்ல இதயம், ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து உன் அப்பா என்ன சொன்னார்? "ஒண்ணுமில்லையாம். சும்மா நடிக்கிறான். பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நாடகம் போடுறான்." நெஞ்சில் கோளாறு இல்லை என்றால் பிள்ளை பொய் சொல்கிறான் என்று அர்த்தமாம்! மில்லில் மெஷின் நின்றால் மோட்டாரைப் பார்ப்பார், பெல்ட்டைப் பார்ப்பார், ஃப்யூஸைப் பார்ப்பார். மகன் நின்றால் மட்டும் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு, நடிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் உன்னைப் பார்க்கவில்லை. இடையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு நான் நின்றேன்.

அதன் பிறகு ஆரம்பித்தது பார், தைரியம் விநியோகம். "ஆம்பளப் புள்ள பயப்படலாமாடா" என்று வந்தவன் போனவன் எல்லாம் உனக்குத் தைரியம் சொன்னான். சொன்னவர்களின் யோக்கியதையை நான் அறிவேன். உன் அப்பா, மில் மேனேஜர் இருமினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற வீரர். உன் அத்தை, கரப்பான்பூச்சியைப் பார்த்துத் தெருவையே கூட்டிய வீராங்கனை. பாலசமுத்திரத்து அண்ணன், அதாவது உன் தாய்மாமா, ஊசி என்றால் டாக்டர் வீட்டுப் பின்வாசல் வழியாக ஓடியவர். இந்த மூவரும் உட்கார்ந்து உன் பயத்துக்கு ஆலோசனைக் கூட்டம் நடத்தினார்கள். காபி போட்டுக் கொடுத்த முட்டாள் நான்.

கூட்டத்தின் முடிவுப்படி உன்னை மாமா தோட்டத்துக்கு அனுப்பினோம். "நாலு நாள் மம்பட்டி புடிக்கட்டும் கண்ணு, பயமெல்லாம் வேர்வையில போயிரும். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒடம்பு நோவறதில்லீல்ல, அதான் மனசு நோவுது" என்று அண்ணன் தத்துவம் பேசினார். நீயும் போனாய். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. நீ வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். மாமா என்ன செய்தார் என்று அவர் வாயால் கேட்டிருக்கிறாயா? சொல்ல மாட்டார். உன் அத்தை, அதாவது அவர் சம்சாரம், என்னிடம் சொன்னாள். மோட்டாரை நிறுத்தாமல், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், "மாப்ளே போயிட்டான், மாப்ளே போயிட்டான்" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். ஆட்கள் வந்து பார்க்கும்போது நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். மாமாவுக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள். சாயங்காலமே உன்னை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, "பையனுக்கு ஏதோ காத்துக் கருப்பு" என்று சொல்லிவிட்டார். தத்துவம் அன்றைக்கே ஆவியாகிவிட்டது.

நீ அப்புறம் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றாய். ட்யூஷனை விட்டாய். கோயிலில் கடைசி வரிசையில், கதவோரம்தான் நிற்பேன் என்றாய். சலூனுக்குப் போகவில்லை, முடி காதை மூடியது. நடுவில் வந்து போகிற அந்தப் பத்து நிமிஷம்கூட உன்னை அம்புட்டுப் படுத்தவில்லை. மறுபடி எப்ப வரும், எங்கே வரும் என்று காத்துக்கிடந்தாய் பார், அதுதான் உன்னைத் தின்றது. இதை நானாகப் புரிந்துகொண்டேன் என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். இல்லை. கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒரு டீச்சர், தன் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது, மதுரையில் மனநல டாக்டரிடம் காட்டினோம் என்று, நான் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனாள். என்னைச் சுற்றி இருந்த அம்புட்டுப் பேரிலும் வெட்கப்படாமல் பேசியவள் அவள் ஒருத்திதான்.

மனநல டாக்டர் என்றதும் உன் ஜெசிந்தா அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பைத்தியக்கார டாக்டர்ட்டயா? மதினி, நாளைக்கு எம் மகள எவன் கட்டுவான்?" அப்போது அவள் மகள் நாலாம் வகுப்பு. எப்படியும் போயே தீருவேன் என்று நான் நின்றதும், அவள் மூளை வேலை செய்தது. அவள் மூளை வேலை செய்கிற நாட்கள் நம் குடும்பத்துக்கு ஆகாத நாட்கள். "மதுரைக்குக் கண்ணு காட்டப் போறோம்னு சொல்லிருவோம். ஊரே மதுரைக்குக் கண்ணு காட்டத்தான போகுது?" என்றாள். சொன்னோம். தெருவில் ஆளாளுக்கு "தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். இத்தனை தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கண்ணாடி போடாமல் இருந்தால் சந்தேகம் வராதா? வரும் என்றாள் அத்தை. ஆமாம் என்றேன் நான். அவள் சொன்னது பாதி, ஆமாம் போட்டது பாதி, இரண்டும் சேர்ந்து முழு முட்டாள்தனம்.

கண்ணாடிக் கடைக்காரன் முன்னால் நான் நின்ற கோலம் இருக்கிறதே.

"பவர் எம்புட்டுக்கா?"

"பவர் வேணாம்ப்பா."

"பவர் இல்லாம எதுக்குக்கா கண்ணாடி?"

"தூசிக்கு."

"தூசிக்கா? அப்ப கூலிங் கிளாஸ் போடலாமேக்கா, தம்பிக்கு எடுப்பா இருக்குமே."

"ஏலே, சொன்னதைச் செய்வியா, கேள்வி கேட்பியா?"

இப்படியாக, கழுகு மாதிரிக் கண்ணுள்ள என் மகனுக்கு நான் கண்ணாடி மாட்டிவிட்டேன். உலகத்தில் எல்லாரும் பார்வைக்காகக் கண்ணாடி போடுவார்கள். நம் வீட்டில் மற்றவர்கள் பார்வைக்காகப் போட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்தே பிழைத்தவள், சொந்தப் பிள்ளைக்கு முகத்தில் ஒரு யூனிஃபார்ம் மாட்டியதில் ஆச்சரியம் என்ன!

அந்த டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடம்பில் ஆபத்து மணி ஒன்று உண்டு, உனக்கு அது தீப்பிடிக்காதபோதும் அடிக்கிறது, மணி பழுதே தவிர வீடு எரியவில்லை என்றார். பானிக் டிஸார்டர் என்று பேர் சொன்னார். நிறையப் பேருக்கு உன் வயதில்தான் தொடங்கும் என்றார். நீ நடிக்கவும் இல்லை, கோழையும் இல்லை என்று அவர் சொன்னபோது நீ அழுதாய். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் படித்தார். வரும்வழியில் ரயில்வே ஸ்டேஷனில் உனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாரே, அதுதான் அவருடைய மன்னிப்பு. அந்த மனுஷனிடம் அதைவிடப் பெரிசாக எதிர்பார்த்தால் நாம்தான் முட்டாள்.

மாத்திரை பாதி, பழக்கம் பாதி என்றார் டாக்டர். எந்த இடத்தைப் பார்த்து ஓடுகிறாயோ அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்க வேண்டும். பதற்றம் ஏறினால் இறங்கி ஓடாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, அது தானாக வடிகிற வரைக்கும் இருக்க வேண்டும். அதனால் நாம் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தோம். மறுநாளும் அதே. ஒரு கண்டக்டர் கேட்டான், "ஏக்கா, பஸ்ஸு ஓடுதான்னு சோதிக்க கவர்மெண்டு அனுப்பிச்சிருக்கா ஒங்கள?" பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். கை கம்பியை விடவில்லை, வாய் சிரித்தது. அப்புறம் இரண்டு ஸ்டாப், அப்புறம் வேடசந்தூர், அப்புறம் நீ தனியாகவே போனாய். ஒரு வருஷம் பிந்தினாலும் பரீட்சை எழுதினாய், படித்தாய், வேலைக்கும் போனாய். டாக்டர் மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். கண்ணாடியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் ரெஜினா ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பிள்ளையல்லவா, 'ங்க' போடாமல் தும்மக்கூட மாட்டாள். கையைத் தூக்கி நின்றுகொண்டே கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நிச்சயத்தன்னிக்கு போட்டோக்காரர் வெளிச்சம் அடிக்குதுன்னு அவரு கண்ணாடியக் கழட்டச் சொன்னாருங்கல்ல? எங்கையிலதான் குடுத்தாரு. சும்மா வெளையாட்டுக்குப் போட்டுப் பாத்தேனுங்க. எல்லாம் அப்படியேதான் தெரிஞ்சுது. அது வெறுங்கண்ணாடிங்களா?"

 எடுத்த அளவையே திரும்ப எடுத்தேன்.

"எங்கப்பா ஒங்க மகன் பவர் எம்புட்டு, பொறக்குற கொழந்தைக்கும் வருமான்னு ஊரெல்லாம் விசாரிச்சுட்டு இருக்காருங்க. அப்ப கண்ணுல ஒண்ணும் இல்லீங்களா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப வேற எங்கீங்க?"

பார்த்தாயா பிள்ளையை! 'ஏமாத்துனீங்களா' என்று கேட்கவில்லை. 'வேற எங்கே' என்று கேட்டாள். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அதை அவனே சொல்லணும்மா. சனிக்கிழமை வாரான், நேரா கேளு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதனால் அவள் சம்மதிப்பாள் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

நேற்று உன் போனுக்குப் பிறகு இதைக் கேள்விப்பட்டதும் உன் ஜெசிந்தா அத்தைக்கு மூளை மறுபடி வேலை செய்தது. என்ன சொன்னாள் தெரியுமா? "மதினி, லேசா பவர் வச்சு ஒரு கண்ணாடி வாங்கி மாத்திருவோம். அன்னிக்குப் போட்டிருந்தது ஸ்பேருன்னு சொல்லிருவோம்." ஒரு நல்ல கண்ணைக் கெடுத்தாவது ஒரு கெட்ட பொய்யைக் காப்பாற்ற வேண்டும்! உன் அப்பாவும், "யோசிக்கலாம்ல?" என்றார். யோசிக்கலாமாம். இந்த இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சியே தேவையில்லை. நான் அளவு டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, இந்தக் குடும்பத்தில் இனி எவர் முகத்திலும் எதையும் மாட்டுவதாக இல்லை என்று சொன்னேன். அதிலிருந்து இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமை வந்ததும், ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிப்பதற்கு முன்னால், நீ ரெஜினாவிடம் சொல்லிவிடு. பேர் சொல்லிச் சொல். 'அது' என்று சொன்னால் உன்னை உன் அத்தையின் வாரிசு என்று எழுதி வைத்துவிடுவேன். எப்போது தொடங்கியது, எப்படி இருக்கும், எம்புட்டு நேரம் இருக்கும், இந்த மாசம் கோயம்புத்தூரில் மறுபடி வந்தது, எல்லாம் சொல். அந்த டாக்டரிடம் மறுபடி போகப் போகிறாய் என்பதையும் சொல், போகவும் செய். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதே. கண்ணாடி யார் யோசனை என்று கேட்டால் தாராளமாக என் பேரைச் சொல். அதன்பிறகு அவள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நீ நொறுங்கிப் போவாய், தெரியும். எனக்கும் அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது, நானும் அழுவேன். ஆனாலும் மூன்றாவது ஓலை வேண்டாம் என்று சாமியாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். தெரிந்து விலகுகிறவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நீ சொல்லி முடித்த பிறகு இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். பத்திரிகைக்காரன் கேட்டால் அச்சுக்கும் கொடுப்பேன். ஓமத்தண்ணியோடு நிற்கிற அம்மாக்கள் இந்த ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி உன் முதல் கேள்வி. பீடத்துக்கு முன்னால் வந்துவிட்டால்? வரட்டும். வந்தால் உட்கார்ந்துவிடு. நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும், கோட்டு கசங்கக் கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை. சாமியார் செத்த நேரம் காத்திருப்பார். ஜனம் முணுமுணுக்கும், வீடியோக்காரன் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான், பாலசமுத்திரத்தார் வேட்டியை இறுக்கிக்கொள்ளட்டும். அது ஏறும், ஏறின மாதிரியே இறங்கும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தில் முதல் பெஞ்சில் இருக்கிற நான் உன்னிடம் வர முடியாது. வரவும் மாட்டேன், என் இடம் அது இல்லை. உன் பக்கத்தில் இருக்கப் போகிறவள் அவள்தான். நீ சொல்லாமல் விட்டிருந்தால், 'மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு' என்று பதறுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக இருப்பாள், பாவம், பட்டுச்சேலையோடு. நீ சொல்லியிருந்தால், சேலை கசங்கினால் கசங்குகிறது என்று அவளும் உன் பக்கத்தில் தரையில் உட்காருவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா